ஞாயிறு என்னும் தீவில் எட்டு மணி நேரம்



இந்த வாரம் உங்களோடு ஒரு தீவைக் குறித்துப் பேச விரும்புகிறேன். அத்தீவில் நான் செய்த ஒரு பிழையைக் குறித்தும் பேசவேண்டும். பிழை சிறியது, அதன் மதிப்பு 6 டாலர். ஆனால் அதைத் திருத்திக்கொள்ளும் வழி எனக்கு இல்லாமற்போயிற்று. உங்களில் பலருக்கு அந்த வழி இன்னும் திறந்திருக்கிறது என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

கடந்த ஜனவரியில், எங்கள் திருமணத்தின் நாற்பதாம் ஆண்டு நிறைவையொட்டி, மகளும் மருமகனும் எங்களை ஓர் உல்லாசக் கப்பல் பயணத்துக்கு அழைத்துச் சென்றார்கள். போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் துறைமுகத்தில் ஏறி, கரீபியன் கடலின் தென்தீவுகள் சிலவற்றைச் சுற்றி, ஏழு நாட்களில் அதே துறைமுகத்துக்குத் திரும்பும் பயணம். ஊழியக்காரனுக்கு இது தகுமா என்று தயங்கினேன். “அப்பா, ஒரு வாரம் பிரசங்கம் பண்ணாம இருந்து பாருங்க” என்றாள் மகள். இருந்து பார்த்தேன். முடியவில்லை என்பதற்கு இக்கட்டுரையே சாட்சி.

நான்காம் நாள் காலையில் கப்பல் ரோசோ என்னும் பட்டணத்தை அடைந்தது. அது டொமினிக்கா தீவின் தலைநகரம். டொமினிக்கன் குடியரசு என்பது வேறு நாடு; இது குவாதலூப்புக்கும் மார்த்தினிக்குக்கும் நடுவே தனித்து நிற்கும் சிறிய நாடு. பரப்பளவு சுமார் 750 சதுர கிலோமீட்டர். மக்கள் ஏறக்குறைய 70,000 பேர். கடலிலிருந்து நேராக மலைகள் எழும்புகின்றன; அவற்றில் உயர்ந்தது 1,447 மீட்டர். ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நதி தங்களிடம் உண்டென்று அவ்வூரார் பெருமையோடு சொல்வார்கள். எங்கள் கப்பல் ஊரின் முகப்பிலேயே வந்து நின்றது. ரோசோவின் எந்தக் கட்டடத்தைக் காட்டிலும் அது உயரமாயிருந்தது. மேல்தளத்தில் நின்று பார்த்தால், தகரக் கூரைகளின்மேல் நம்முடைய நிழல் விழுவது தெரியும்.

அந்தத் தீவின் பெயரைக் கேட்டபோது என் உள்ளம் விழித்துக்கொண்டது. 1493-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள், தன் இரண்டாம் பயணத்தில் 17 கப்பல்களோடு வந்த கொலம்பஸ் இத்தீவைக் கண்டான். அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆகவே லத்தீன் மொழியில் கர்த்தருடைய நாளைக் குறிக்கும் சொல்லையே தீவுக்குச் சூட்டினான். அவனோ அங்கே கரையிறங்கவில்லை. பெயரைக் கொடுத்துவிட்டு அடுத்த தீவை நோக்கிக் கடந்துபோனான். அங்கே ஏற்கெனவே வாழ்ந்திருந்த கலினாகோ மக்கள் அதை வைதுகுபுலி என்று அழைத்துவந்தார்கள். அவள் உடல் உயரமானது என்பது அதன் பொருள். அந்த மக்களின் சந்ததியார் இன்றும் தீவின் கிழக்குப் பகுதியில், 1903-ஆம் ஆண்டு அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தில் வாழ்கிறார்கள்.

கப்பலின் மேல்தளத்தில் நின்றபடியே ஒரு நாட்டுக்குப் பெயரிட்டுவிடுவது எவ்வளவு எளிது! கொலம்பஸைக் குறைகூறும் முன்னே நம்மைப் பார்ப்போம். கைப்பேசியில் ஒரு படம் எடுத்து, “பூலோக சொர்க்கம்” என்று கீழே எழுதி, உறவினர் அனைவருக்கும் அனுப்பிவிடுகிறோம். நானும் அனுப்பினேன். அப்போது நான் இன்னும் கரையில் கால் வைத்திருக்கவில்லை.

காலையில் ஒரு வேனில் டிரஃபால்கர் அருவிகளைக் காணச் சென்றோம். அருகருகே இரண்டு அருவிகள். உயரமானதைத் தந்தை என்றும் மற்றதைத் தாய் என்றும் அழைக்கிறார்கள். வழியெங்கும் பச்சைப் பசேலென்ற காடு. என் மனைவி அதை வியந்தபோது, வேனை ஓட்டிய சகோதரர் சற்றுநேரம் மௌனமாயிருந்தார். பின்பு 2017 செப்டம்பர் 18-ஆம் தேதி இரவைக் குறித்துச் சொன்னார். மரியா என்னும் புயல், ஐந்தாம் வகை என்னும் உச்ச வலிமையோடு, அன்றிரவு தீவின்மேல் ஏறிவந்தது. பிரதம மந்திரியின் வீட்டுக் கூரையையும் அது விட்டுவைக்கவில்லை. தம் வீட்டார் குளியலறைக்குள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு விடியுமட்டும் நின்றதாக அவர் சொன்னார். “காலையில் கதவைத் திறந்தபோது மலை பழுப்பு நிறமாயிருந்தது. ஒரு இலைகூட இல்லை. மலைக்குப் பின்னால் இருந்த வீடுகளை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன்” என்றார்.

அவருடைய தகப்பனார் வாழை பயிரிட்டவராம். முன்னே இத்தீவின் வாழைப்பழங்களுக்குப் பிரிட்டன் சந்தையில் சலுகை இருந்தது. வாரந்தோறும் பழம் வாங்கக் கப்பல் வரும். அச்சலுகை முறைக்கு எதிராக அமெரிக்காவும் லத்தீன் அமெரிக்க நாடுகள் சிலவும் உலக வர்த்தக அமைப்பில் வழக்காடின. 1997-ஆம் ஆண்டு தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. மலைச்சரிவில் இரண்டு ஏக்கர் வைத்திருந்த குடியானவன், பெருந்தோட்டங்களின் விலையோடு போட்டியிட முடியவில்லை. தகப்பனார் பழம் ஏற்றிய அதே துறையில், மகன் இன்று எங்களைப்போன்ற பயணிகளுக்காகக் காத்து நிற்கிறார். பழம் வாங்கின கப்பல் போய், பார்வையாளரை இறக்கும் கப்பல் வந்திருக்கிறது. முந்தின கப்பல் தீவிலிருந்து எதையாவது விலைகொடுத்து எடுத்துச் சென்றது. இந்தக் கப்பலில் வருபவர் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு இறங்குகிறார். மதியச் சாப்பாட்டுக்குக் கப்பலுக்கே திரும்பிவிடுகிறார். சாப்பாட்டுக்குத்தான் முன்னமே பணம் கட்டியாயிற்றே!

நாங்களும் அப்படியே திரும்பினோம். கப்பலில் உண்டு, சற்று இளைப்பாறி, மூன்று மணிக்கு மறுபடியும் கரைக்கு வந்தோம். கடற்கரைச் சாலைக்குப் பின்னால் பழைய சந்தை என்னும் சதுக்கம் உண்டு. கல் பாவிய அந்த இடத்தில் சிறு கடைகள் வரிசையாக இருந்தன. அவற்றுள் ஒன்றில் வயது முதிர்ந்த ஓர் அம்மையார் பாய்களை விரித்து வைத்திருந்தார். புல்லைப் பின்னி, பின்னலைச் சுருட்டி, வட்டம் வட்டமாகத் தைத்த பாய்கள். என்ன புல் என்று கேட்டேன். “வெட்டிவர்” என்றார்.

எனக்கு மெய்சிலிர்த்தது. நம்முடைய வெட்டிவேர்! இந்திய மண்ணின் புல் அது; அதன் தமிழ்ப்பெயரைப் பிரெஞ்சுக்காரர் வாங்கிக்கொண்டார்கள்; உலகின் மறுகோடியில், பிரெஞ்சு கலந்த கிரியோல் பேசும் ஒரு தாயின் வாயில் அது உயிரோடிருக்கிறது. என் தாயார் கோடைக்காலத்தில் மண்பானைத் தண்ணீரில் வெட்டிவேர் போட்டு வைப்பார். அந்த வாசனையை இவ்வளவு தொலைவில் சந்திப்பேன் என்று நான் எண்ணியதில்லை. இந்தச் சொல் எங்கள் மொழிச் சொல் என்று அவரிடம் சொன்னேன். அவர் மகிழ்ந்து சிரித்தார்.

இத்தனைக்கும் பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? விலை பேசினேன்.

அவர் 20 டாலர் என்றார். மூன்று நாள் வேலை என்றும் சொன்னார். நான் 10 என்றேன். அவர் 18 என்றார். தையல் சீராக இல்லை என்றேன், சீராகவே இருந்தது. பாரிமுனைக் கடைகளில் இளவயதில் கற்றுக்கொண்ட வித்தையைக் காட்டி, இரண்டடி எடுத்து வைத்து நடந்தேன். அவர் கூப்பிட்டார். 14 டாலருக்குத் தந்தார். கப்பல் புறப்பட இன்னும் ஒரு மணி நேரமே இருந்தது. எனக்கு இருந்த அதே கடிகாரம்தான் அவருக்கும். நேரம் அவருக்கு எதிராக ஓடுவதை அறிந்தே நான் நடந்தேன்.

பாயைச் சுருட்டிக் கட்டியபின், அவர் கடையின் மூலையிலிருந்து காய்ந்த வேர்க்கட்டு ஒன்றை எடுத்து அதனுள் செருகினார். இது எதற்கு, இதற்கு என்ன விலை என்று கேட்டேன். விலை இல்லை என்றார். “உங்கள் மனைவியின் துணிப்பெட்டியில் வைக்க. உங்கள் ஊர் வேர்தானே?” என்றார்.

மாலையில் கப்பல் நகர்ந்தது. இரவு உணவு வேளையில், பயணிகளை எடுத்த புகைப்படங்கள் வரிசையாக மாட்டப்பட்டிருந்தன. எங்கள் படம் ஒன்றின்கீழ் 25 டாலர் என்று அச்சிட்டிருந்தது. மறுபேச்சின்றிக் கையெழுத்திட்டு வாங்கினேன். மேசைக்குத் திரும்பியபோது மகள் கைப்பேசியில் எதையோ வாசித்துக்கொண்டிருந்தாள். “அப்பா, நீங்க பாய் வாங்கின இடம் எதுன்னு தெரியுமா? அங்கதான் அடிமைகளை வித்தாங்களாம்” என்றாள்.

அந்தச் சதுக்கத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட மனிதரை நிறுத்தி, பல்லைப் பார்த்து, தோளைத் தட்டி, குறை சொல்லி, விலை பேசினார்கள். பிரிட்டன் ஆட்சியில் அடிமைமுறை 1834 ஆகஸ்ட் 1 அன்று சட்டப்படி ஒழிந்தது. முழு விடுதலை 1838-ல்தான் கிடைத்தது. அப்படி விற்கப்பட்டவர்களின் சந்ததியில் வந்த ஒரு தாயிடம், அதே கற்களின்மேல் நின்று, அவர் கைவேலையைக் குறைசொல்லி 6 டாலரைக் குறைத்திருக்கிறேன்.

என் மனைவி அதிகம் பேசுபவள் அல்ல. அன்றிரவு அறையில் அந்த வேர்க்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “அந்த அம்மா நமக்கு வேர் கொடுத்தாங்க. நாம அவங்களுக்கு என்னங்க கொடுத்தோம்?” என்றாள். எனக்குப் பதில் இல்லை.

பிரியமானவர்களே, நீதிமொழிகள் 20:14-ஐ எடுத்து வாசித்துப் பாருங்கள். வாங்க வந்தவன் பொருளை மட்டம் என்று பழிப்பதையும், வாங்கிக்கொண்டு போனபின் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொள்வதையும் ஞானி அங்கே படம்பிடித்திருக்கிறார். அவ்வசனத்தைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அதில் என் முகத்தைக் கண்டேன்.

அன்றிரவு உறக்கம் வராமல் அப்போஸ்தலர் நடபடிகளின் 28-ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். அதுவும் ஒரு கப்பலும் ஒரு தீவும் சந்தித்த கதை. பவுலோடு அந்தக் கப்பலில் இருந்தவர்கள் 276 பேர் என்று முந்தின அதிகாரம் எண்ணிச் சொல்கிறது. கப்பல் உடைந்து, நனைந்து, குளிரில் நடுங்கி அவர்கள் மெலித்தா தீவில் கரையேறுகிறார்கள். தீவின் மக்கள் முன்பின் அறியாத அவர்களுக்காக நெருப்பு மூட்டுகிறார்கள். இந்த அன்பைக் குறித்து நாம் அடிக்கடி பேசுகிறோம். பவுலின் கையைப் பிடித்த விரியன் பாம்பைக் குறித்தும் பேசுகிறோம். ஆனால் பாம்பு அவர் கையைப் பிடித்தது ஏன்? அவர் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தார். பிறர் தமக்காக மூட்டிய நெருப்பிலே போட, அந்த அப்போஸ்தலன் தாமே குனிந்து சுள்ளிகளைச் சேர்த்துக்கொண்டு வந்தார். கைதியாக வந்தவர்; களைத்துப்போனவர்; உட்கார்ந்து குளிர்காய அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவர் உட்காரவில்லை. பின்பு தீவின் தலைவனுடைய தகப்பன் காய்ச்சலாய்க் கிடந்தபோது, அவனிடத்தில் போய் ஜெபித்தார். மூன்று மாதம் கழித்து அவர்கள் புறப்பட்டபோது, தீவார் அவர்களுக்கு வேண்டியவற்றைக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள்.

விருந்தோம்பலைக் குறித்து நம் சபைகளில் நிறையப் போதிக்கிறோம். அந்நியரை உபசரிக்கவேண்டும் என்கிறோம். விருந்தாளியின் கடமையைக் குறித்தோ ஏறக்குறைய ஒன்றும் போதிப்பதில்லை. முன்பு அது அவ்வளவு தேவைப்படவில்லை. நம்மில் பெரும்பாலோர் எங்கும் போகாதவர்கள். இன்று நிலைமை அப்படியில்லை. நம் பிள்ளைகள் பல நாடுகளில் இருக்கிறார்கள். நம்மை அழைத்துப் போகிறார்கள். ஆகவே என் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: பணம் கட்டிவிட்டேன் என்பதினால் ஒருவன் விருந்தாளியின் கடமையிலிருந்து விடுபடுவதில்லை. நான் பணம் கட்டியது கப்பலுக்கு. தீவுக்கு நான் இன்னும் கடன்பட்டவன்.

“அப்படியானால் இத்தகைய பயணங்களே வேண்டாமா?” என்று நீங்கள் கேட்கலாம். அப்படிச் சொல்ல நான் துணியமாட்டேன். 2020 மார்ச்சில் தொற்றுநோயால் கப்பல்கள் நின்றபோது, இத்தகைய துறைமுகங்கள் வெறிச்சோடின. வேன் ஓட்டுகிறவரும் பாய் பின்னுகிறவரும் எங்களுக்காகவே காத்திருந்தார்கள். வராமலிருப்பது அவர்களுக்கு நாம் செய்யும் நன்மை ஆகாது. வருகிற விதத்தைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

“பேரம் பேசுவது சந்தையின் வழக்கம்தானே, அதில் என்ன பாவம்?” என்றும் கேட்பீர்கள். சமமானவர் இருவர் பேரம் பேசுவது வழக்கம்தான். அதில் ஒரு விளையாட்டும் உறவும்கூட உண்டு. எங்களிடையே அந்தச் சமம் இல்லை. எனக்கு அந்தப் பாய் வேண்டாமலும் போகலாம். அவருக்கு அன்றைய விற்பனை வேண்டும். அதிலும், அச்சிட்ட விலைக்கு முன்னே நாம் வாய்மூடி நிற்கிறோம். ஒரு மனிதர் வாய்திறந்து சொல்லும் விலையோடு மாத்திரம் வழக்காடுகிறோம். 25 டாலர் படத்துக்குப் பேசாத நாவு, 20 டாலர் பாய்க்கு ஏன் அவ்வளவு பேசிற்று? இந்தக் கேள்விக்குக் கரீபியன் கடல்வரை போகவேண்டியதில்லை. பல்பொருள் அங்காடியில் பட்டியல் பார்த்துப் பணம் கட்டிவிட்டு, வாசலில் கீரைக்காரம்மாவிடம் இரண்டு ரூபாய்க்கு நிற்கிறோமே, அங்கேயே இதைக் கேட்கலாம்.

டொமினிக்காவுக்கும் நமக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. 1787 ஜனவரியில் தாமஸ் கோக் என்னும் மெதடிஸ்ட் ஊழியர் அந்தத் தீவில் இறங்கினார். அவர் போகப் புறப்பட்டது நோவா ஸ்கோஷியாவுக்கு. புயல் அவர் கப்பலைத் திசைமாற்றி, 1786 கிறிஸ்துமஸ் நாளில் ஆன்டிகுவாவில் சேர்த்தது. அங்கிருந்து தீவு தீவாகச் சென்று, கறுப்பின மக்களிடையே ஊழியத்துக்கு வழிசெய்தார். அவரே முதிர்வயதில் இலங்கைக்குப் புறப்பட்டு, 1814 மே மாதம் இந்தியப் பெருங்கடலில், கப்பலிலேயே மரித்தார். உடன்வந்த இளம் ஊழியரில் இருவர் யாழ்ப்பாணத்துக்குச் சென்று தமிழரிடையே பணிசெய்தார்கள். ரோசோவின் துறையில் இறங்கின அந்த மனிதரின் கடைசிப் பயணம், இப்படி நம் மக்களின் கரையில் வந்து முடிகிறது. அவர் காலத்து ஊழியத்தில் குறைகளும் உண்டு, அவற்றை மறைக்கவேண்டியதில்லை. ஆனாலும் அவர் மேல்தளத்தில் நின்று பெயரிட்டுக் கடந்துபோனவர் அல்லர். இறங்கினார், மனிதரைப் பெயரறிந்து சந்தித்தார்.

எட்டு மணி நேரமே கரையில் இருப்பவன் என்ன செய்யக்கூடும்? ஊரைத் திருத்தவோ புயலைத் தடுக்கவோ நம்மால் ஆகாது. சுள்ளி பொறுக்க ஆகும். கப்பலில் சாப்பாடு இருந்தாலும் ஒரு வேளை கரையில் உண்ணலாம். அந்தப் பணம் அந்த ஊரில் தங்கும். கைவேலைக்குச் சொன்ன விலையைக் கொடுக்கலாம். கையில் அவ்வளவு இல்லையென்றால், பழிக்காமல் நன்றி சொல்லி நகரலாம். படம் எடுக்குமுன் வணக்கம் சொல்லலாம். அந்த ஊரார் தங்கள் மண்ணை என்ன பெயரால் அழைத்தார்கள் என்று கேட்டறியலாம். அவர்கள் கடந்துவந்த இரவைச் சொன்னால், கடிகாரத்தைப் பாராமல் கேட்கலாம்.

கப்பலுக்குள்ளும் சுள்ளிகள் உண்டு. எங்கள் அறையைத் துப்புரவு செய்தவர் தூத்துக்குடிப் பக்கத்துத் தம்பி. இரண்டாம் நாள்தான் எங்கள் பேச்சைக் கேட்டு, “ஐயா தமிழா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். ரோசோவுக்குப் பதினோரு தடவை வந்திருக்கிறாராம். கரையில் இறங்கினது இரண்டே தடவை. அந்த இரண்டு தடவையும் அருவியைப் பார்க்கவில்லை. சிக்னல் கிடைக்கும் இடத்தில் உட்கார்ந்து, ஊரிலிருக்கும் பிள்ளையோடு பேசினாராம். கடைசி இரவில் அவரோடு சேர்ந்து அந்தப் பிள்ளைக்காக ஜெபித்தோம். நாங்கள் அந்தப் பயணத்தில் பொறுக்கின ஒரே சுள்ளி அதுவாகத்தான் இருக்கும்.

லூக்கா 19-ஆம் அதிகாரத்தில் சகேயு, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுக்க முன்வந்தான். அவனால் முடிந்தது, அவன் ஏமாற்றியவர்கள் அவனுடைய ஊரிலேயே இருந்தார்கள். என்னால் முடியவில்லை. அந்த அம்மையாரின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. மன்னிப்பு உண்டென்று விசுவாசிக்கிறேன். ஆனால் மன்னிப்பு பெற்றவனுக்கும் திரும்பிப் போகமுடியாத கரைகள் உண்டு என்பதை இந்த வயதில் கற்றுக்கொண்டேன். உங்களுக்கு அருகிலிருக்கும் கரைக்கு, போக முடிகிற நாளிலேயே போய்விடுங்கள்.

பாய் எங்கள் வரவேற்பறையில் விரித்திருக்கிறது. வேர்க்கட்டை மனைவி தன் துணிப்பெட்டியில் வைத்திருக்கிறாள். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அந்த வாசனை வருகிறது. கிருபை என்றால் என்னவென்று நாற்பது ஆண்டுகளாகப் போதித்திருக்கிறேன். தன்னிடம் விலையைக் குறைத்தவனுக்கு விலையில்லாமல் ஒன்றைச் சேர்த்துக் கொடுப்பதுதான் அது என்று, ஞாயிறு என்னும் தீவில் ஒரு தாய் எனக்குப் போதித்தார்.

ஜெபிப்போம்: ஆண்டவரே, நாங்கள் போகும் இடமெல்லாம் விருந்தாளிகளே என்பதை எங்களுக்கு உணர்த்தும். எங்களுக்காக நெருப்பு மூட்டுகிறவர்களைக் காணும் கண்களையும், விறகு பொறுக்கக் குனியும் முதுகையும் தாரும். நாங்கள் குறைத்துக் கொடுத்தவர்களுக்கு நீரே நிறைவாய்க் கொடும். ரோசோவின் சந்தையில் பாய் பின்னும் உம்முடைய மகளையும், கடலின்மேல் உழைக்கும் பிள்ளைகளையும் காத்துக்கொள்ளும். ஆமென்.

கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. அடுத்த வாரம் மீண்டும் சந்திப்போம்.